மிகேலுக்காக நான் சொன்ன சாட்சி

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் முதலில் கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இது சாட்சியாகாது.

போன வருஷம் மார்ச் மாதம். இங்கே எடிசன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை. நான் அங்கே துணைத் திட்ட மேலாளர். மழை விட்டிருந்தது. குழாய் பதிக்கத் தோண்டிய ஆழமான பள்ளத்தில் மண் ஊறிப் போயிருந்தது. இரு பக்க மண்ணும் சரியாமல் தாங்குகிற இரும்புத் தடுப்பு இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று என் மேலதிகாரியிடம் காலையிலேயே சொன்னேன். வேலை ஏற்கெனவே தாமதம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தடுப்பு அனுப்புகிறவர்களிடம் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மிகேலை இறங்கச் சொல்லும் அவர் குரல் என் காதில் விழுந்தது. மிகேல் குவாத்தமாலாவிலிருந்து வந்த தொழிலாளி. கத்திக்கொண்டே ஓடினேன். போய்ச் சேருவதற்குள் மண் சரிந்துவிட்டது.

கையாலேயே தோண்டினோம். "ஏசப்பா, இவரை உயிரோட குடுங்க, உயிரோட குடுங்க" என்று வாய்விட்டு அழுதேன். தீயணைப்புப் படையினர் வெளியே எடுத்தபோது மிகேலுக்கு உயிர் இல்லை.

அந்த வாரமே மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த நாட்டில் கட்டுமானத் திட்ட மேலாளராகப் பதிவு பெறத் தேர்வில் பாஸானால் மட்டும் போதாது. நாம் பொறுப்பெடுத்து வேலை நடத்தியதை அருகிலிருந்து பார்த்த ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். நான் தேர்வு முடித்து, அவருடைய உறுதிக்காகக் காத்திருந்தேன். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். மிகேல் தடையை மீறித் தானாக இறங்கினான் என்று விசாரணையில் நான் சொல்ல வேண்டும். சொன்னால் உறுதி தருவார். இல்லாவிட்டால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"நீ என்ன சொல்லப் போற?"

"பொய் சொல்ல மனசு வரல. ஆனா பயமா இருக்குங்க. வேலையும் போயிடும், இத்தனை வருஷம் படிச்சதும் போயிடும்."

"போனா போகட்டும். வா, முழங்கால் போடுவோம்."

பதிவு கிடைக்க வேண்டும் என்று அன்று நான் கேட்கவில்லை. அங்கே போய் நிற்கும்போது வாய் அடைத்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

விசாரணை அறையில் மேலதிகாரி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என் குரல் நடுங்கவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னேன்.

அதன் பிறகு வந்தவை கொடுமையான மாதங்கள். ஆள் குறைப்பு என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு விண்ணப்பம் போட்ட எந்த இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போயிருக்கலாமேம்மா" என்று நம் சபையிலேயே ஒரு அங்கிள் அன்பாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். மண் சரிகிற சத்தம் தூக்கத்திலும் கேட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அக்டோபரில் ஒரு போன் வந்தது. பள்ளிக்கூடத்தின் சார்பில் வந்து வேலையைக் கண்காணித்த வயதான பொறியாளர் அம்மா. என் பதிவு என்ன ஆயிற்று என்று கேட்டார். நின்றுபோனதைச் சொன்னேன். "உன் வேலையை வாராவாரம் பார்த்தவள் நான். என்னிடம் ஏன் கேட்கவில்லை?" என்று கோபப்பட்டார். அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் உறுதி சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன்பே பதிவு வந்தது. இன்று வேறொரு நிறுவனத்தில் முழுப் பொறுப்பில் இருக்கிறேன். தடுப்பு இல்லாத பள்ளத்தில் என் ஆட்கள் யாரையும் இறங்க விடுவதில்லை.

ஆனால் பதிவு வந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மிகேலின் மனைவியைப் பார்க்கப் போனேன். நான் முதலில் கேட்ட ஜெபத்தையே அவளும் கேட்டிருப்பாளே, அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று வாசலிலேயே தயங்கி நின்றேன்.

அவள் ஸ்பானிஷில் பேசினாள். பெரிய மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். தப்பு மிகேலுடையது என்று எல்லோரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டும் என்று தினமும் அழுது ஜெபித்திருக்கிறாள்.

"அந்த ஒருத்தர் நீங்கதான்னு அம்மா சொல்றாங்க" என்றாள் மகள்.

மிகேல் ஏன் சாக வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் தனியாக அழுகிறேன் என்று நான் நினைத்த அதே நாட்களில், ஆண்டவர் எங்கள் இரண்டு பேருடைய ஜெபத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, விடாமல் கேளுங்கள். யாரோ ஒருவருடைய ஜெபத்துக்குப் பதிலாக அவர் உங்களை அனுப்பும் நாள் வந்தால், பயந்தாலும் போங்கள். பேசப் பெலன் தருவார். எனக்குத் தந்தார்.