சி வரிசையில் இரண்டு இருக்கைகள்

பிறர் செய்த இணையதளங்களில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். "அதைத்தான் சின்ன வயசுலேர்ந்து சும்மாப் பண்ணிண்டிருக்கியே" என்பாள் அம்மா. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி என் காதில் படித்துச் சொல்லும். நான் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு அது கடுகு வெடிப்பது போலக் கேட்குமாம். அது எங்கே திணறுகிறது என்று நான் எழுதிக் கொடுப்பேன், தளத்தைச் செய்தவர்கள் திருத்துவார்கள். பிறகு கண் தெரியாதவர்களும், கை நடுங்கி மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் அதைத் தாங்களாகவே பயன்படுத்தலாம்.

எங்கோ ஒரு குளிர் தேசத்துக் கடையில் பனிச்சறுக்குக் காலணி வாங்க என்னால் தனியாக முடியும். நானே சரிபார்த்த தளம் அது. ஆனால் மலையாளம் பேசும் எங்கள் ஊரில், கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் நாடக அரங்குக்கு இரண்டு டிக்கெட் எடுக்க முடியாது. இது எனக்குத் தெரிந்தது வாயை விட்டுவிட்ட பிறகுதான்.

எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார், மலையாளி. மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். படி ஏறும்போது மற்றவர்களைப் போல என் கையைப் பிடித்து இழுக்க மாட்டார். "என் தோள் இங்கே இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். முதலில் அதற்காக அவரைப் பிடித்துப் போனது, பிறகு மற்ற எல்லாவற்றுக்காகவும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகம் இருக்கிறது, வருகிறீர்களா என்று ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். வருகிறேன் என்றார், தானே டிக்கெட் எடுக்கட்டுமா என்றும் கேட்டார்.

"கூப்பிட்டது நான். டிக்கெட்டும் நான்தான்" என்றேன். என்ன வீறாப்பு!

வழக்கமாக எனக்கு நாடக டிக்கெட் எடுத்துத் தருவது அப்பா. கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று ஒரு கேள்வி வருமே! மன்னியிடம் கேட்டாலோ, காபி ஆறுவதற்குள் தெருக்கோடி வரை சேதி போய்விடும். கண் தெரிந்தவர்கள் ஒன்றை ரகசியமாக வைத்துக்கொள்ள வாயை மூடிக்கொண்டால் போதும். எனக்கு ஒழுங்கான இணையதளமும் வேண்டியிருக்கிறது.

அரங்கின் தளத்தில், முன்பு அப்பா என் மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்து வைத்த கணக்கு இருந்தது. உள்ளே போனேன். நாடகம், தேதி எல்லாம் சரியாகவே படித்தது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்ததும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஆரம்பித்தது. எந்த வரிசை, எந்த எண், காலியா இல்லையா, ஒன்றும் கிடையாது. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். அதை யாரோ எடுத்துவிட்டார்களாம்.

என் ஃபோன் எண்ணையும் போட்டுப் புகார் அனுப்பினேன். பார்வையற்றவர்கள் வீட்டில் இருப்பவர்களின் உதவியைப் பெறலாம் என்று பதில் வந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் வெட்கம் வந்தது.

மறுநாள் அந்தத் தளத்தைச் செய்தவரே ஃபோன் செய்தார். ஆரியசாலைக் கடைத்தெருக்காரர், நம் தமிழ்தான். அக்கா என்பதை மட்டும் மலையாளத்தில் சேச்சி என்றார்.

"சேச்சீ, வீட்டுல தெரியக் கூடாத அளவுக்கு அப்படி என்ன நாடகம் அது?"

"நாடகம் தெரிஞ்சா பரவாயில்லை. கூட வர்ற ஆள்தான் தெரியக் கூடாது."

அவர் சிரித்த சிரிப்பில் என் கோபம் பாதி போயிற்று. நேரில் வந்து காட்டுகிறேன் என்றேன். மொத்த விலைக்கு மிளகாய் விற்கும் கடை ஒன்றின் மாடியில் அவருடைய அலுவலகம். தும்மிக்கொண்டேதான் படி ஏறினேன்.

"படம் நல்லா வரைஞ்சு வெச்சிருக்கேனே சேச்சீ. பச்சைன்னா காலி, சிவப்புன்னா போச்சு" என்றார்.

"பச்சையும் சிவப்பும் எனக்கு மிளகாயில மட்டும்தான் தெரியும். திரையை அணைச்சுடுங்கோ" என்று சொல்லி, ஹெட்ஃபோனை அவர் கையில் கொடுத்தேன். "இப்ப ஒரு டிக்கெட் எடுங்கோ, பார்க்கலாம்."

விசைகளைத் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. "ஐயோ, எந்தா சேச்சீ இது! நான் செஞ்ச பக்கத்துல நானே வழி தெரியாம நிக்கறேன்" என்றார். நல்ல மனிதர். சாக்குச் சொல்லவில்லை, உடனே வேலையில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு இருக்கைக்கும் வரிசை, எண், காலியா இல்லையா, விலை என்று சொற்கள் ஏறின. ஓர இருக்கை என்றால் அதையும் சொல்ல வேண்டும், கைத்தடி வைக்க இடம் வேண்டுமே என்றேன்.

"தூணுக்குப் பின்னால இருக்கிற சீட்டையும் சொல்லணுமா?"

"சொல்லுங்கோ. அது கண் தெரிஞ்சவாளுக்கு உபயோகப்படும்."

சனிக்கிழமை எல்லாம் தயார் என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தளத்தைத் திறந்தேன். 'சி வரிசை, ஒன்று, ஓர இருக்கை, காலி.' அம்புக்குறியை ஒரு தட்டு. 'சி வரிசை, இரண்டு, காலி.' இரண்டையும் எடுத்தேன், என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டினேன். முன்பதிவு முடிந்தது என்று காதில் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம். இத்தனைக்கும் வெறும் இரண்டு நாடக டிக்கெட்.

"மோளே" என்று கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். போனேன்.

"உன் டிக்கெட்டு மெசேஜ் என் ஃபோனுக்கு வந்திருக்கு."

அந்தக் கணக்கைத் திறந்தபோது மின்னஞ்சல் என்னுடையதைக் கொடுத்தவர், ஃபோன் எண்ணை மட்டும் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். அது எனக்கு உறைக்கவே இல்லை. மிளகாய்க் கடை மாடி வரை போய்ப் பாதுகாத்த ரகசியம் நேராக அப்பாவின் சட்டைப் பைக்குப் போயிருந்தது. கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"சி வரிசை ஏசிக்கு நேர் கீழேயாக்கும். போன தடவை நேக்கு ஜலதோஷம் பிடிச்சுது. சால்வை எடுத்துக்கோ, கேட்டியா" என்றார் அப்பா. செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டா எடுத்துக்கோ."

முதலில் அறைக்குப் போய்க் கணக்கில் அப்பாவின் எண்ணை எடுத்துவிட்டு என் ஃபோன் எண்ணைப் போட்டேன். பிறகு பீரோவைத் திறந்து இரண்டு சால்வைகளை எடுத்து வைத்தேன்.