அன்னைக்கு ஜெயிச்சவன்

பஹ்ரைன்ல யார்கூட நடந்தாலும் நான் அவங்களுக்கு இடதுபக்கம் போயிருவேன். எங்க போர்மேன் யூசுப், அரபி. அவர் என் இடது தோள்பக்கம் வந்து பேசுவாரு. நான் சுத்திக்கிட்டு மறுபக்கம் போவேன். "இஸ்மா, இஸ்மா"ன்னு கத்துவாரு. கேளுன்னு அர்த்தம். திமிர் பிடிச்சவன்னு நினைச்சிட்டாரு. என் இடது காது செவிடு. சொன்னா துறைமுகத்துல மூட்டை இறக்குற வேலையும் போயிரும்னு சொல்லல. இங்க வந்த நம்மாளுக பலபேரு உடம்புல இப்படி ஒண்ணு இருக்கும். வெளிய சொல்ல மாட்டாங்க.

அந்த யூசுப்தான் கிரேன் ஓட்ட என் பேரைக் கொடுத்தாரு. கிரேன்காரனுக்குக் குடும்ப வீடு உண்டு. என் வீட்டுக்காரி லூர்தையும் மகளையும் கூட்டிட்டு வந்திரலாம். பார்த்து மூணு வருசமாச்சு. அதுக்கு முன்னால டாக்டர் பார்க்கணும்.

வெள்ளைக்கார டாக்டர். இரும்புக் கவட்டை ஒண்ணைத் தட்டி வலது காதுல வச்சாரு. 'ஙொய்'னு கேட்டுது. அப்புறம் இடது காதுல வச்சாரு. ஒண்ணும் கேக்கல. "எஸ் சார், குட் சவுண்ட்"ன்னு தலையாட்டினேன். அவர் என்னையே பார்த்தாரு. வலதுபக்கம் நின்ன மலையாளி கம்பவுண்டர் மெதுவாச் சொன்னாரு: "சேட்டா, சார் அது தட்டியில்ல." தட்டாத கவட்டையத்தான் வச்சிருக்காரு.

அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு, தம்பி சவேரிக்குப் பதினொண்ணு. தூத்துக்குடியில அந்த வருசம் முத்துக்குளிப்பு திறந்தாங்க. அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பு, முங்க முடியல. ஒருத்தன் கடலுக்கு, ஒருத்தன் பள்ளிக்கூடத்துக்குன்னு ஆச்சு. யாருன்னு முடிவு பண்ண, இடுப்புத் தண்ணியில ரெண்டுபேரையும் மூச்சுப் பிடிச்சு முங்கச் சொன்னாரு அப்பா. கூட நேரம் தாங்குறவன் கடலுக்கு. நான் எந்திரிச்சப்ப சவேரி ஏற்கெனவே எந்திரிச்சு அழுதுக்கிட்டு நின்னான். "போலே, ஒனக்குப் புஸ்தகந்தாம்லே லாயக்கு"ன்னு கேலி பண்ணினேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அந்த வருசமே ஆழத்துல, காதுக்குள்ள துணி கிழியுற மாதிரி ஒரு சத்தம். மேல வந்தா ரத்தம். அம்மா எண்ணெய் காய்ச்சி ஊத்துனா. மறுநாளும் குதிச்சேன். சவேரி நல்லாப் படிச்சான். இன்னைக்கு ஆபீசுல கிளார்க். அவன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நானும் அதுவரைக்கும் நல்லாத்தான் படிச்சேன்.

கிரேன் வேற ஆளுக்குப் போயிட்டு, மூட்டை வேலை மட்டும் தப்பிச்சுது. போன வாரம் ஊர்ல இருந்து வீட்டுல பேசி அனுப்பின கேசட் வந்துது. டேப்பை வலது காதோட ஒட்டி வச்சுக் கேட்டேன். "எப்பப்பா எங்களக் கூப்பிடுவிய?"ன்னு மக கேக்கா. பின்னால சவேரி சிரிக்கான்: "ஏளா, ஒங்கப்பா மூச்சுப் பிடிச்சா ஜெயிக்க ஊர்ல ஆளே கிடையாது."

பதில் பேச வெறுங் கேசட் வாங்கி வச்சிருக்கேன். இன்னும் பேசல. யூசுப் இப்ப என் வலதுபக்கமா வந்துதான் பேசுதாரு, மெதுவா. டேப்பைக் காதுல வச்சா அவர் கூப்பிடுறது கேக்காது. எடுத்தா மக குரல் கேக்காது.