தூணில் ஆறாவது பெயர்

ஈரம் காயாத காவி எழுத்தின் மேல் ஒரு விரல் ஊர்ந்து போனதை நான் இன்னும் மறக்கவில்லை. கறுத்துத் தடித்த ஆள்காட்டி விரல். நகம் ஓரத்தில் பிளந்திருக்கும். மாமல்லபுரத்தில் கல் வேலை செய்பவர் ஒருவரின் கொட்டகை அது. சவுக்குக் கழி நட்டு மேலே ஓலை போட்டிருந்தது. படுக்க வைத்திருந்த கருங்கல் தூணின் மேல் குனிந்து, தூரிகையால் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். ஆறாவது பெயரை முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன், எனக்குக் காவிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் பள்ளிப் பியூன் குனிந்து அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துவிட்டார். சும்மா தொடவில்லை. முதல் எழுத்தில் தொடங்கி, சுழிக்கிற இடத்தில் சுழித்து, புள்ளி வைக்கிற இடத்தில் புள்ளி வைத்து, தானே எழுதுவதுபோல் கடைசி எழுத்துவரை போனார். பெயர் முழுக்க அப்பிப் போயிற்று. "என்னப்பா இது, காயறதுக்குள்ள கைய வச்சுட்டியே!" என்று கத்தினேன். "தப்பாப் பூட்ச்சி டீச்சர்" என்று விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். முணுமுணுத்தபடியே அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. செங்கற்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. கரும்பலகையில் என் எழுத்து உருண்டையாக, ஒரே உயரமாக இருக்கும் என்பதால் ஊரில் எந்த விழா வந்தாலும் எழுதுகிற வேலை என் தலையில்தான் விழும். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆனதற்காகப் பள்ளி வாசலில் ஒரு கல்தூண் நட்டு, எங்கள் வட்டாரத்தில் நாட்டுக்காகச் சிறை சென்றவர்களின் பெயரைப் பொறிப்பது என்று முடிவாயிற்று. ஊர்வலம் போனவர்கள், கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர்கள், கள்ளுக்கடை வாசலில் அடிபட்டவர்கள் எல்லாம் இதில் சேர்த்தி இல்லை. ஜெயிலில் இருந்திருக்க வேண்டும். இருந்ததற்குக் காகிதம் வேண்டும். அப்படித் தேறியவர்கள் பதினொரு பேர். எழுத்தை முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டால் அதன் மேலேயே உளி வைத்து வெட்டிவிடுவார்கள் என்று சொன்னதால், ஒரு சனிக்கிழமை என்னையும் துணைக்குப் பியூனையும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார் கரஸ்பாண்டென்ட்.

கரஸ்பாண்டென்ட் என்றால் பள்ளியை நடத்துகிறவர். விழாக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. நாற்பத்திரண்டில் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை அறுத்து ஆறு மாதம் சிறையில் இருந்தவர் என்பது ஊர் அறிந்த விஷயம். தூணில் ஆறாவது பெயர் அவருடையதுதான். முதலில் போடலாம் என்று குழுவில் எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. அகர வரிசையில் வரட்டும் என்றுவிட்டார். அந்த ஆறு மாதத்தைப் பற்றி யாராவது கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று கையை ஆட்டிவிடுவார். என்ன அடக்கம் பாருங்கள் என்று ஆசிரியைகள் நாங்கள் எங்களுக்குள் மெச்சிக்கொள்வோம். எழுத்து எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குப் பிடிவாதம் இருந்தது. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றனவே, அந்த எழுத்து மாதிரி இருக்க வேண்டும், எத்தனை மழை பெய்தும் ஒரு பேர்கூட அழியவில்லை பார் என்றார். வெள்ளைக்காரனை விரட்டியதற்கு நடுகிற தூணுக்கு வேறொரு வெள்ளைக்காரனின் கல்லறைதான் மாதிரி! எனக்குச் சிரிப்பு வந்தது. கரஸ்பாண்டென்ட் முன்னால் யார் சிரிப்பது, தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பியூனும் அவர் கை காட்டி வேலைக்கு வந்தவர்தான். தலைமுறையாக அந்த வீட்டு நிலத்தில் உழுத குடும்பம். அந்த ஊர்க் கோடியில் இருந்த சேரியிலிருந்து விடியற்காலை ரயிலில் வருவார். மணி அடிப்பது, தண்ணீர் நிரப்புவது, சர்க்குலர் எடுத்துப் போவது எல்லாம் அவர். ஆசிரியைகள் அறையில் பழைய நாளிதழ் கிடந்தால் எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் சம்பள நாளன்று பதிவேட்டை நீட்டினால் கட்டைவிரலைத்தான் மையில் தோய்ப்பார். "பேப்பர் படிக்கிற ஆளு கைநாட்டு வைக்கிறது இந்த ஊர்லதான்" என்று நான் கேலி செய்வேன். "கையெளுத்து செரியா வராது டீச்சர்" என்பார். சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன்.

திறப்பு விழா அன்று கூட்டம் நெரிந்தது. தூணை வாசலில் நட்டு, மேலே கதர்த் துணி போர்த்தி, பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தோம். ஒரு பட்டதாரி ஆசிரியர் ஒலிபெருக்கி முன் நின்று பதினொரு பெயர்களையும் வாசிப்பதாக ஏற்பாடு. உயிரோடு இருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். இறந்துபோனவருக்கு அவர் வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாணவிகள் கதர் நூல் மாலை போட்டார்கள். ஐந்து பெயர் ஆயிற்று. ஆறாவதாகக் கரஸ்பாண்டென்ட் பெயரை வாசித்தார்கள். மேடையில் அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். அதே நேரம் பந்தலின் கடைசியில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பியூனும் எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டி, மார்பை நிமிர்த்தி, நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கு நாலடி தூரத்தில் இருந்தேன். அவருக்கே தெரியாமல் உடம்பு எழுந்து நின்றது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த நொடி திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்காரவும் வரவில்லை.

மாணவிகள் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார் உட்கார் என்று சைகை காட்டினார். பெயர் வாசித்த ஆசிரியர் சமயோசிதக்காரர். "தன் எஜமானின் தியாகத்துக்கு ஓர் ஏழைப் பியூன் எழுந்து நின்று மரியாதை செய்கிறார், நாமும் நிற்போம்" என்றார். அவ்வளவுதான், பந்தல் முழுக்க எழுந்தது. கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. மேடையில் கரஸ்பாண்டென்ட் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கழுத்தில் விழுந்த மாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதையும் அடக்கம் என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டது. எனக்கு மட்டும் அது அடக்கமாகப் படவில்லை. காவி எழுத்தில் விரல் போன விதம் நினைவுக்கு வந்தது.

விழா முடிந்ததும் பியூனைத் தேடிப் போனேன். விறகு அடுக்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் மறைக்கவில்லை. கேட்க ஒருவர் வந்ததே போதும் என்பதுபோல் சொன்னார்.

"கம்பி அறுத்தது அவுருதான் டீச்சர், அதுல பொய்யி கெடையாது. நான் ஏணி புடிச்சேன். அவுருக்கு அப்போ கண்ணாலம் பேசிகினு இருந்தாங்க. போலீசு தேடிகினு வர்றாங்கன்னு தெரிஞ்சதும் அவுர மெட்ராசுக்கு அனுப்பிட்டாங்க. அவுரு நைனா, பெரியவரு, என்னக் கூப்ட்டு, புள்ளையோட கதர் ஜிப்பாவ மாட்டிவுட்டு, கேட்டா நான்தான்னு சொல்லு, வேற இன்னாவும் பேசாதன்னாரு. வந்த இன்ஸ்பெக்டரு புதுசு, அவுர மின்ன பின்ன பாத்ததில்ல. கோர்ட்டுலயும் நான்தான்னேன். போடான்னாங்க, போனேன்."

அடைத்தது எங்கோ தெலுங்கு தேசத்து ஜெயிலில். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் சத்தியாக்கிரகிகள், தெலுங்குக்காரர்கள். தமிழ்நாட்டுப் பெரிய வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறான் என்று அவர்களுக்கு நினைப்பு. காலையிலும் சாயங்காலமும் அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவார்களாம், எழுந்து நிற்க வேண்டுமாம். ஆறு மாதத்தில் தன் பெயர் அதுதான் என்றே உடம்புக்குப் பழகிவிட்டது என்றார். படிப்பு ஏறாத பெரிய வீட்டுப் பிள்ளை என்று நினைத்து, மெட்ராசில் படித்துத் தமிழ் எழுத்து அறிந்த ஒருவர் அங்கேதான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். முதலில் அவர் மணலில் எழுதிக் கொடுத்துத் திரும்ப எழுதச் சொன்னது அந்தப் பெயரை. கையெழுத்து என்று அவருக்குப் படிந்தது அது ஒன்றுதான். அதைச் சம்பளப் பதிவேட்டில் போட முடியுமா? கட்டைவிரலை நீட்டினார்.

"ஆனா டீச்சர்" என்றபோது அவர் குரலே மாறிப்போயிற்று. "அந்த ஆறு மாசம் மாதிரி எனக்கு வேற நாளு இல்ல. சாப்பாட்டு மணி அடிச்சா, ரண்டி, கூர்ச்சோண்டின்னு பக்கத்துல எடம் வுட்டுக் கூப்புடுவாங்க. வாங்க, குந்துங்கன்னு அர்த்தம். ஒரே வரிசை, ஒரே தட்டு. பேரு பின்னால காரு காருன்னு மருவாதியா சேத்துதான் பேசுவாங்க. எனுக்கு ஜொரம் வந்தப்போ ஒரு வாத்தியாரு, நல்ல ஜாதிக்காரரு, ராவெல்லாம் தலைக்கு ஈரத்துணி போட்டாரு. வெளிய வுட்டப்போ அளுதுட்டேன். அவங்க இன்னாடான்னா சந்தோசத்துல அளுவுறான்னு கட்டிப் புடிச்சிகினாங்க." அவர் சேரியில் பிறந்தவர் என்று தெரிந்திருந்தால் அந்த வரிசையில் இடம் விட்டிருப்பார்களா? விட்டிருக்கலாம், அவர்கள் நல்லவர்கள்தாம். அவருக்கு அது தெரியப்போவதே இல்லை. அதுதான் அவரை அரித்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரஸ்பாண்டென்ட் பியூனை வேலையிலிருந்து நீக்கவில்லை, அவ்வளவு கெட்டவர் இல்லை. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். பின்னாளில், தியாகிகளுக்கு அரசு கொடுத்த தாமிரப் பட்டயமும் வாங்கினார். பியூன் ஓய்வு பெற்ற அன்று பாராட்டிப் பேசியது நான்தான். நேரம் தவறாமல் மணி அடித்தவர் என்றேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதன் பின் மூன்று வருஷம் உயிரோடு இருந்தார். தூண் இன்றும் நிற்கிறது. வருஷா வருஷம் ஆகஸ்டில் எழுத்துக்குக் கறுப்பு மை பூசுகிறார்கள். டச்சுக்கார ஆழம் ஆயிற்றே, ஒன்றும் அழியவில்லை. போன வருஷம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது சைக்கிள் எடுக்க வந்த ஒரு மாணவி, "இதுல யாரயாச்சும் உங்களுக்குத் தெரியுமா பாட்டி?" என்று கேட்டாள். ஆறாவது பெயரைக் காட்டி, இவர் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தார், ஜுரம் வந்து கிடந்தார், மணலில் எழுதக் கற்றுக்கொண்டார் என்று சொன்னேன். அவள் பயபக்தியோடு அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அதுவும் கரஸ்பாண்டென்ட் பெயரில்தான் போய்ச் சேர்ந்தது.

பியூனின் சொந்தப் பெயரை இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினால் கடன் தீர்ந்த மாதிரி எனக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும். ஆனால் அவர் ஏங்கியது அந்தப் பெயருக்காக இல்லை. அதை நான் அறிவேன், ஏனென்றால் அவர் என்னிடம் கேட்டார். இத்தனை நேரம் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தது அதைத்தான்.

விறகுக் குவியலிலிருந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டவர், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒண்ணு கேப்பேன், கோச்சுக்காதீங்க டீச்சர். தூணுல பேரு வாணாம், அது அவுருதாவே இருக்கட்டும். இங்க யாரும் இல்ல. அந்தப் பேரச் சொல்லி, காரு சேத்து, ஒரே ஒரு தபா கூப்புடுங்க. பதினாலு வருசமாச்சு, காதுல கேட்டு."

இரண்டு சொல். கூப்பிட்டிருக்கலாம். சத்தியமாக நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சமயத்தில் வராந்தாப் பக்கமிருந்து கரஸ்பாண்டென்டின் இருமல் கேட்டது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. யாராவது வந்துவிட்டால்? பியூனை இப்படியா கூப்பிடுவார்கள் என்று ஒரு கூச்சம் வேறு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பயத்தைவிட அந்தக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப்போல் இரண்டு மடங்கு. "நேரமாச்சுப்பா," என்றேன். "போய் நாற்காலியெல்லாம் உள்ள எடுத்து வை."

"செரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.