கயிறு கட்டிய கடல்

பெயர்: சு. சுடலையாண்டி. பிறப்பு: 1971, அச்சன்புதூர். கல்வி: மேல்நிலை இரண்டாம் ஆண்டு. பணி: 2003 முதல் குற்றாலம் 'சாரல் நிழல்' விடுதியின் மேலாளர். அறைகள் பதினெட்டு. உரிமையாளர், தென்காசி ஜவுளி வணிகர் ஆதம். 2024 ஜூலை 20, சனிக்கிழமைக்கு முன் சுடலையாண்டி கடலை இருமுறை கண்டிருக்கிறார். இருமுறையும் திருச்செந்தூரில், கூட்டத்தின் பின்னால் நின்று.

குற்றாலத்தில் விடுதி நடத்துவோருக்கு வறட்சியும் வெள்ளமும் ஒன்றே. தண்ணீர் குறைந்தால் ஆள் வருவதில்லை. கூடினால் குளிக்கத் தடை வருகிறது, வந்த ஆளும் போய்விடுகிறார். அவ்வாண்டு ஜூன் மாதத் தடையன்று ஒரே காலையில் பதினான்கு அறைகள் காலியாயின. அடுத்த தடைக்கும் அப்படி நேர்ந்தால் மேலாளர் பொறுப்பு தம் மைத்துனர் மகனுக்குப் போகும் என்று ஆதம் அமைதியாகத் தெரிவித்தார். அந்த இளைஞர் ஏற்கெனவே ஒருநாள் வந்து, நாற்காலியில் அமர்ந்து, உயரத்தைச் சரிபார்த்துச் சென்றிருந்தார்.

இந்நெருக்கடியில் சுடலையாண்டியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. உவரிக்கு அப்பாலுள்ள பாறைக்கரை. கடல் வற்றிய நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய தெளிந்த நீர். அதனுள் நட்சத்திர மீன், நண்டு, மலர்போல் விரியும் கடல் சாமந்தி. உயிரினங்களை அவர் பொருட்படுத்தவில்லை. பாறை உண்டு, நீர் உண்டு, ஆளுக்கொரு தொட்டி உண்டு, தடை விதிக்கக் காவலர் இல்லை என்பதே அவர் கண்டறிந்தது. ஜூலை 19 அன்று தடை வந்ததும் வரவேற்பறையில் பலகை வைத்தார்: 'அருவி மூடினாலும் கடல் மூடாது.' ஒருவரும் அறையைக் காலி செய்யவில்லை. நாற்பது பேர், இரண்டு வேன்கள், மறுநாள் காலை ஆறு மணிக்குப் பயணம் என்று முடிவாயிற்று.

ஆனால் குற்றாலத்துக்கு வந்தவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் எந்த நீரிலும் இறங்குவதில்லை. மசாஜ் முடிய ஒன்பது மணி ஆயிற்று. ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்கியது. ஆகவே வேன்கள் பத்தரைக்குப் புறப்பட்டு, ஒன்றரைக்குப் பாறைக்கரையை அடைந்தன. படத்திலிருந்த குழிகளில் மேட்டிலிருந்த இரண்டைத் தவிர மற்றவை கடலுக்கடியில் இருந்தன.

கரையில் தேநீர்க் கடை நடத்தும் ஜெனியிடம் சுடலையாண்டி விசாரித்தார்.

"இப்பம் கடல் ஏறுத நேரம் அண்ணாச்சி. காலைல வந்திருந்தா எல்லாக் குழியும் தெரிஞ்சிருக்கும்."

"எப்பம் தண்ணியக் குறைப்பாங்க?"

"யாரு குறைக்கா? அதுவா வத்தும்."

"இங்கன இதுக்குப் பொறுப்பு யாரு?"

"நிலாதான். மேல போயி மனு குடுங்க."

மனு கொடுக்க நேரமில்லாததால் சுடலையாண்டி அருவிக்கரையில் தாம் அறிந்த நிர்வாகத்தைக் கையாண்டார். குற்றாலத்திலிருந்து கொண்டுவந்த கயிற்றை இரு குழிகளுக்கும் நடுவே கட்டி, ஒன்றை ஆண்களுக்கும் மற்றதைப் பெண்களுக்கும் ஒதுக்கினார். ஆளுக்கு ஐந்து நிமிடம், வரிசை, விசில். அதுவரை முணுமுணுத்துக் கொண்டிருந்த விருந்தினர், வரிசையைக் கண்டதும் தாங்கள் உண்மையிலேயே சுற்றுலா வந்திருப்பதாக நம்பினர். முதலில் இறங்கியவரின் எண்ணெய் நீர்மேல் வண்ணங்களாகப் படர்ந்தது. கடல் சாமந்தி சுருங்கி மூடிக்கொண்டது.

பெண்கள் பக்கத்தில் நண்டு மட்டுமே இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த வங்கி அலுவலர் ஸ்ரீலக்ஷ்மி, நட்சத்திர மீனைக் காண வேண்டுமென்றார்.

"அது ஆம்பிளைங்க பக்கம் இருக்கும்மா. நீங்க நண்டப் பாருங்க."

"மீன்லகூட ஆம்பளப் பக்கம், பொம்பளப் பக்கமா?"

"நான் மீனுக்குச் சொல்லல. வரிசைக்குச் சொல்லுதேன்."

அவ்வேளையில் நண்டு கயிற்றின் அடியாக ஆண்கள் பக்கம் சென்றது. சுடலையாண்டி விசில் ஊதினார், நண்டு நிற்கவில்லை. அடுத்து வந்த அலை கயிற்றையும் வரிசையையும் பதினோரு செருப்புகளையும் எடுத்துச் சென்றது. எவருக்கும் காயமில்லை. எண்ணெய் பூசிய உடல்களில் மணல் ஒட்டி, நாற்பது பேரும் உப்புமாவுக்கு வறுத்த ரவையில் புரண்டவர்போல் கரையேறினர். அப்போதுதான் வேன் ஓட்டுநர் செய்தி சொன்னார்: அருவியில் தடை காலை பத்து மணிக்கே நீங்கிவிட்டது.

திரும்பும் வழியெங்கும் ஒரே பேச்சு. போய் இறங்கியதும் அறையைக் காலி செய்வது. உரிமையாளரை அழைத்து இந்த ஆளைப் பற்றிச் சொல்வது. முன் இருக்கையில் சுடலையாண்டி இருபத்தோராண்டுப் பணியை மனத்துக்குள் ஒப்படைத்துக்கொண்டே வந்தார்.

விடுதியில் ஆதம் காத்திருந்தார். தடை நீங்கிய செய்தி கேட்டு நண்பகலில் வந்தவர், சாவி மாட்டும் பலகையில் ஒரு சாவிகூட இல்லாததைக் கண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் காலி செய்யாதவர் மறுநாள் வாடகையும் தர வேண்டும் என்பது விடுதி விதி. விருந்தினர் கூச்சலை முழுவதும் பொறுமையாகக் கேட்டு, அந்த விதியை அவரே வாசித்துக் காட்டினார். வாடகை கொடுத்தாயிற்று, இனி எதற்குப் போவது என்று அவர்கள் மணலோடு ஐந்தருவிக்குக் குளிக்கச் சென்றனர்.

ஆதம் மேலாளரைத் தனியே அழைத்தார். "வே சுடலை, இனிமே அருவில தண்ணி விழுந்தாலும் கூட்டிட்டுப் போரும். பன்னெண்டு மணிக்கு முன்னால மட்டும் திரும்பிராதேயும்."

மைத்துனர் மகன் தென்காசி ஜவுளிக் கடையின் சட்டைத்துணிப் பிரிவில் சேர்க்கப்பட்டார்.

2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: அருவியில் குளிக்கத் தடை விதிக்கப்பட்ட நாட்கள் ஒன்பது, விடுதியிலிருந்து கடலுக்குப் புறப்பட்ட வேன்கள் முப்பத்தொன்று.