ஒன்பதுக்கு மடங்காத என் போன் நம்பர்

போன வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், பிடித்தது. என் போன் நம்பரைப் பார்த்தார்கள்... பிடிக்கவில்லை!

ஒடுகத்தூர் மாப்பிள்ளை. அவருடைய அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பத்து இலக்கத்தையும் விரல்விட்டுக் கூட்டினார்.

"நாப்பத்தி நாலு. நாலும் நாலும் எட்டு. இன்னாம்மா இது, சனியோட நம்பர்! மாத்திடு. ஒம்போது வர்ற மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்."

எங்கள் ஜவ்வாது மலையில் எனக்கே டவர் சரியாகக் கிடைப்பதில்லை. சனி பகவானுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

நம்பரை மாற்றுவது லேசான காரியமா? எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பஸ் வருமா, ஆம்புலன்ஸ் கூப்பிடணுமா, ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போச்சா — ஊரே எனக்குத்தான் போன் போடும். அதனால் பாதி வீடுகளில் கதவின் உள்பக்கம் என் நம்பரைக் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். சிம்மை மாற்றலாம். அத்தனை கதவுகளை?

இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் திமிரான காரணம். என் நம்பர் ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. எம்.எஸ்சி. கணிதம் படித்தபோது காலேஜ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தொள்ளாயிரம் கோடிக்கும் மேலான எண்... எந்த எண்ணாலும் அதை உடைக்க முடியவில்லை! ஹாஸ்டல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

என் வருங்கால அத்தை கேட்ட ஒன்பது இருக்கிறதே — கூட்டுத்தொகை ஒன்பது வந்தால், அந்த எண் கட்டாயம் ஒன்பதால் வகுபடும். மூன்றாலும் வகுபடும். யார் வந்து கேட்டாலும் துண்டு துண்டாகிவிடுகிற எண்ணுக்குப் பேர் ராசியான எண்ணாம்!

"மாத்த மாட்டேங்க. அது பகா எண்," என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். "ஒரு சிம்முக்காவ சம்பந்தத்தையே வுட்ருவியாடி?"

வம்பு என்னவென்றால்... மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. "அத்த, முழு நம்பர்னா முன்னாடி நாட்டோட 91 வருமில்லீங்களா? அதையும் சேத்துக் கூட்டுங்க."

விரல்கள் மறுபடி மடங்கின. "ஒம்போதும் ஒண்ணும் பத்து... அம்பத்தி நாலு. அஞ்சும் நாலும்... ஐய, ஒம்போது! இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

சனி இறங்கிப் போய்விட்டார். பரிகாரம் இல்லை, ஹோமம் இல்லை. முன்னால் இரண்டு இலக்கம், அவ்வளவுதான்!

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, வாசலில் செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டார்.

"91 சேத்தா ஒம்போதால வகுபடுமே... அப்போ உங்க பகா எண் போச்சுங்களே?"

நான் சம்மதம் சொன்னது அந்த இடத்தில்தான்.

அத்தை போனில் நான் இப்போது 91-உடன் இருக்கிறேன். அவர் பிள்ளை போனில்? வெறும் பத்து இலக்கம்!