வெள்ளை ஊசி மேல் விழுந்த பழி

அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் போய் ‘கழுத்து வலிக்குதா?’ என்று கேட்டு எழுதுவது என் வேலை. கேள்வி கேட்டே பிழைக்கும் சக ஜீவன்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். நரம்பில் ஏற்றும் வெள்ளை மயக்க ஊசிக்கும், கண் விழித்ததும் சிலர் சொல்லும் கழுத்து வலிக்கும் சம்பந்தம் உண்டா என்று எங்கள் மயக்க மருந்து டாக்டரம்மா ஆராய்கிறார்.

பால் விவகாரம்

பாளையம்பட்டி ஜவுளிக்கடை பாய் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். ஊசியைப் பற்றி விளக்கி, மருந்தையும் காட்டினேன். மேலும் கீழும் பார்த்தார். “விடிஞ்சதுலருந்து ஒரு வாய் காப்பிக்கு வழியில்ல. நீங்க பாலை நரம்புல ஏத்துறீகளாக்கும்!”

முன்னே இல்லை, பின்னே உண்டு

ஆபரேஷனுக்கு முன் கேட்டால் ஒருத்தருக்கும் கழுத்து வலி கிடையாது. முடிந்தபின் கேட்டால் பலருக்கும் உண்டு. ஊசிதான் குற்றவாளி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். டாக்டரம்மாவும் மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். காரியாபட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது போட்டு உடைத்தார்: “முன்னாடியே வலிக்குதுன்னு சொன்னா, இன்னொரு நாள் வாங்கன்னு திருப்பி அனுப்பிருவீகள்ல?”

செல்லத்தாயி

எம்.ரெட்டியபட்டி செல்லத்தாயிக்குப் பித்தப்பையில் கல். பருத்தி எடுப்பு முடியட்டும் என்று மாசக்கணக்கில் வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டு, அன்றுதான் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். ஊசி ஆராய்ச்சியைச் சொல்லிக் கேட்டேன்: கழுத்து வலி? “இல்ல சிஸ்டரு.” ஆனால் வாசலில் நின்ற புருஷன் கூப்பிட்டதும், கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். எனக்குப் பகீரென்றது. மயக்கத்தில் மூச்சுக்குக் குழாய் போடும்போது கழுத்தை வளைப்பார்கள். பழுதான கழுத்தென்றால் கை விளங்காமல்கூடப் போகலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை மாற்றினேன். “தலையில மூடை தூக்குனா விரல் மரத்துப் போகுமாக்கா?” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “போகும். அதுக்காக ஆபரேஷனை நிறுத்திராதீக சிஸ்டரு. இந்த வயித்து வலியோட இன்னொரு வெள்ளாமை பாக்க முடியாது.”

நிறுத்தவில்லை. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, கழுத்தை அசைக்காமலே குழாய் போட்டார். செல்லத்தாயி கண் விழித்ததும் விரல்களை மடக்கச் சொன்னேன். பத்தும் மடங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கழுத்து எப்படி என்று கேட்டேன். “எப்பவும் உள்ள வலிதான். பாவம், அந்த ஊசி மேல பழி எழுதிராதீக.”

ஊசியைப் பற்றி எழுத மூன்று பக்கம் ஒதுக்கியிருந்த எங்கள் படிவத்தில், மூடையைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.