ஹார்ட் டிஸ்க்குக்குத் தெளித்த தீர்த்தம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை எச்சில் கையோடு யாரும் தொட மாட்டோம். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பத்தி காட்டிவிட்டு அதற்கும் ஒரு சுற்றுச் சுற்றுவோம். சோறு போடுகிற பொருள். அப்பா முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துக் கார்டு, அம்மன் கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் தமிழில் அடித்து, அழகாக வடிவமைத்து, அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார். துஷ்டி நோட்டீசும் வரும். எங்கள் பக்கம் சாவைத் துஷ்டி என்போம். அந்த வேலை முடிந்தால் கைகால் கழுவாமல் அப்பா அடுத்த வேலையைத் தொட மாட்டார். அம்மா நாற்காலியிலும் வாசப்படியிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். பிறகுதான் கல்யாண வேலை ஆரம்பமாகும்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. எங்கள் தூத்துக்குடியில், அதுவும் உப்பு லாரி போகிற எங்கள் தெருவில், இரும்பு எதுவும் ரொம்ப நாள் தாங்காது. ஆறுமுகநேரியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து துரு உதிர்ந்தது.

"மதர்போர்டு போயிட்டு அத்தான். பச்சைப் பச்சையா பூத்திருக்கு பாருங்க. ஹார்ட் டிஸ்க் மட்டும் கல்லு மாதிரி கெடக்கு" என்றார்.

"அது போதும் மாப்ளே" என்றார் அப்பா. மூச்சை விட்ட விதத்தில், தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி இருந்தது.

அதே வருஷம்தான் அப்பாவுக்கும் உடம்பு முடியாமல் போனது. வயிற்றில் புண் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். புண் இல்லை, ஈரலில் புற்று, மிஞ்சிப்போனால் தீபாவளி வரைக்கும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டது அப்பா, அம்மா, மாமா மூன்று பேருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பிறகு நானும் அம்மாவும் சாப்பிட வேண்டுமென்றால் அம்மா அந்த வேலையைப் படித்தாக வேண்டும். எட்டாவது வரைக்கும் படித்தவள் அம்மா. கீபோர்டைத் துடைத்திருக்கிறாளே தவிர ஓர் எழுத்து அடித்ததில்லை. அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். "ஒங்க நாற்காலில நான் எதுக்கு" என்று சமையலறைக்குள் போய்விடுவாள்.

கூப்பிட்டுச் சலித்த அப்பா, கம்ப்யூட்டர் நிற்பதற்கு முந்தின இரண்டு மாதமும் வலி இல்லாத நேரமாகப் பார்த்து மாதிரிகள் செய்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு, கொடைக்கு, துஷ்டிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து. எல்லாம் தயாராக இருக்கும். பேரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் யாரும் செய்துவிடலாம். அத்தனையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. சிடியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். சிடி எழுதுகிற டிரைவ் அதற்கு முன்பே கெட்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்பா வழக்கமான வேலைதான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமான் வாங்க நாலு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். மதர்போர்டு, ராம், பெட்டி என்று மாமா ஒரு பிழைவிழுந்த நோட்டீசின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார். கடைக்கார அண்ணாச்சி எடுத்துப் போட்டதில் பளபளவென்று ஒரு மதர்போர்டு இருந்தது. அப்பா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய பிரிண்டர் வயர் மாட்டுகிற இடம் எங்கே என்று கேட்டார். எங்கள் தமிழ் எழுத்து சாஃப்ட்வேருக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு உண்டு. அதை அந்த இடத்தில் மாட்டினால்தான் தமிழ் வரும்.

"அண்ணாச்சி, இப்ப வாரதுல அந்த ஓட்டையே கெடையாது. காலம் எங்கயோ போயிட்டு. நீங்களும் புதுசுக்கு மாறுங்க."

"எனக்கு மாறத் தெரியும் அண்ணாச்சி. இனிமே அடிக்கப்போற ஆளுக்கு இதுதான் லேசு."

அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் பரணில் ஏறி, விலைபோகாமல் கிடந்த பழைய மாடல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார். அதைத்தான் அப்பா எடுத்தார். பாட்டுக் கேட்க ஸ்பீக்கராவது வாங்குங்கள் என்று நான் சிணுங்கினேன். அந்தக் காசுக்குப் பெரிய திரையாக வாங்கினார். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. பழைய பவர் சப்ளையை வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டதற்கு மாமா தலையை ஆட்டினார்.

"வேண்டாம் அத்தான். சாகுற சப்ளை தனியா போவாது. கூட இருக்கதையும் இழுத்துக்கிட்டுத்தான் போவும்."

சொன்ன பிறகுதான் மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாதான் சிரித்தார்.

"அப்பம் புதுசே போடு மாப்ளே."

கடைசியில் கீபோர்டு. ஐந்தாறு கீபோர்டுகளை மேசையில் பரப்பச் சொல்லி, "ஏளா, இங்கன வா. எது ஒனக்கு மெத்துனு இருக்குன்னு அமுக்கிப் பாரு" என்றார். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு என்ன தெரியும், நீங்க பாத்து எடுங்க" என்றாள். அப்பா விடவில்லை. ஒரே ஒரு விரலால் ஒரே ஓர் எழுத்தை அமுக்கினாள். உடனே பொலபொலவென்று கண்ணீர் விட்டு அழுதாள். அண்ணாச்சி பதறிப்போய் டீ சொன்னார். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அம்மா அழுகிறாள் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாமா என் தலையில் ஒரு கொட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மாட்டுவது என்று ஏற்பாடு. முன்னறையில் செய்தித்தாளை விரித்துப் புதுச் சாமான்களையும் ஓரமாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் மாமா எடுத்து வைத்தார். அதைப் பார்த்த அம்மா, "ஊருல உள்ள துஷ்டியெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. அதையா புதுசுல மாட்டணும்?" என்று முணுமுணுத்தாள். அப்பா சிரித்துவிட்டுப் படுக்கப் போனார். மாமா டீ குடிக்கப் போனார்.

அம்மா சொன்னது என் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நோட்டீஸ் அடித்தால் நாற்காலியைக் கழுவுகிறோம், வாசப்படியைக் கழுவுகிறோம். எழுத்தெல்லாம் தங்கியிருக்கிற இடத்தை மட்டும் இத்தனை வருஷமாக யாரும் கழுவவில்லை. அதனால்தான் அப்பாவுக்கு வயிற்றில் புண் வந்திருக்கிறது! சாமி அலமாரியில் திருச்செந்தூர் நாழிக்கிணற்றுத் தீர்த்தம் ஒரு பாட்டிலில் இருந்தது. அதில் மஞ்சள்பொடியைக் கரைத்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஊற்றினேன். பாவாடையால் துடைத்தேன். மேலே மூன்று கோடு விபூதியும் பூசினேன். அவ்வளவு பக்தியோடு நான் அதற்குப் பிறகு எந்தக் காரியமும் செய்ததில்லை.

விபூதியைப் பார்த்து அம்மா வைத்ததாக்கும் என்று நினைத்து மாமாவும் கும்பிட்டுவிட்டு மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே சடக்கென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகுகிற வாடை. மாமா வயரைப் பிடுங்கி, டிஸ்க்கைக் கழற்றித் திருப்பினார். அவர் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"யாரு பாத்த வேலை இது?"

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டு எழுந்துவந்த அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"விடுளா. சாமின்னு நெனச்சுத்தான செஞ்சிருக்கு."

"எல்லாம் போச்சே அத்தான். இனிமே எப்ப ஒக்காந்து செய்வீங்க?" என்றார் மாமா.

அப்பா, நாளைக்கு வேறு டிஸ்க் வாங்கிவரும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். கூப்பிடக்கூட இல்லை. அம்மா தானாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாளிலிருந்து பாடம் நடந்தது. அப்பா பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாள். ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பத்து நாள் ஆனது. பிறகு காதுகுத்து. அதன் பிறகு பால்காய்ப்பு. கொடை நோட்டீஸ் பாதியில் இருக்கும்போது அப்பாவால் தலையணையில் சாய்ந்துகூட இருக்க முடியவில்லை. துஷ்டிக்கும் ஒன்று செய்து வைத்தால் நல்லது என்று மாமா மெதுவாகச் சொன்னார். "அது கடைசில பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். துஷ்டி நோட்டீஸ் எல்லாம் கருகிப்போய்விட்டது, புதிதாகவும் யாரும் அடிக்கவில்லை. தீர்த்தம் வேலை செய்கிறது என்று தினமும் முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். முருகன் மேல் எனக்கு அன்றைக்கும் குறை இல்லை, இன்றைக்கும் இல்லை. என் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்த்தத்தைத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் பாட்டிலைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கை நின்றுவிடும்.

அப்பா தீபாவளி வரைக்கும் இருக்கவில்லை. புரட்டாசியிலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க வேண்டும். வேறு கடையில் கொடுத்துவிடலாம் என்றார் மாமா. நானே அடிக்கிறேன் என்று அம்மா போய் உட்கார்ந்தாள். துஷ்டிக்கு அவளிடம் மாதிரி கிடையாது. கல்யாணப் பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாக மாற்றினாள். மணமக்கள் பேர் இருந்த இடத்தில் அப்பா பேரை அடித்தாள். முகூர்த்த நேரத்தை எடுத்துவிட்டுக் காரிய நேரத்தைப் போட்டாள். மத்தியானம் ஆகிவிட்டது. மாமா குனிந்து படித்துப் பார்த்தார். உச்சியில் அப்பா கட்டிலில் படுத்தபடி சொல்லி அம்மா முதன்முதலாக அடித்த 'முருகன் துணை' அப்படியே இருந்தது.

"அக்கா, துஷ்டிக் கார்டுல இது போடுததில்லை. எடுத்துரு."

அம்மா எடுக்கவில்லை. இரண்டு கையையும் கீபோர்டின் மேல் வைத்தபடி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழிக்கிற கீ எது என்று அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவள் விரலைப் பிடித்து அந்தக் கீயின் மேல் வைத்தேன்.